வலது பக்கத்துப் பட்டை

ஏனுங்க தம்பி, அந்தக் காலைக் கொஞ்சம் நவுத்திக்கறீங்களா? அடியில என் பை இருக்குதுங்க. ஸ்பானர் பை. இன்னைக்கு இது எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது, பழக்கதோசம். கல்யாணத்துக்குப் போனாலும் தூக்கிக்கிட்டுத்தான் போவேன். எங்க ஊட்டுக்காரி சண்டைக்கு வருவா, பந்தியில உக்காந்து நட்டு கழட்டப் போறீங்களான்னு.

கேட்டுச்சுங்களா அந்தச் சத்தம்? வளைவுல திரும்பறப்ப பின்னாடி இடது பக்கம் கிறீச்சுங்குதே, அது பட்டை ஒடிஞ்ச சத்தம். மேல இருந்து ரெண்டாவது பட்டை. வெசனப்படாதீங்க, இன்னும் பத்து நடை தாங்கும். எனக்குச் சத்தத்தக் கேட்டாலே தெரிஞ்சிரும். திருச்செங்கோட்டுல கமான் பட்டறை வெச்சிருக்கேன். நாச்சிமுத்துன்னு பேரு. கமான்னா, சக்கரத்துக்கு மேல இரும்புப் பட்டைங்கள வளைச்சு அடுக்கி வெச்சிருக்கும் பாருங்க, பாரம் ஏத்தினா அமுங்கும், எறக்கினா எந்திரிக்கும், அதுதான். லாரி ஒரு பக்கமாச் சாஞ்சு வந்துச்சுன்னா அந்தப் பக்கம் ஒரு பட்டை சேத்துப் போட்டு நிமுத்தி அனுப்புவேன். நாப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். சாஞ்சா ஒரு பட்டை, பயமாருந்தா இன்னொரு பட்டை.

மணி என்னாச்சுங்க? ஒம்போதே காலா? போர்டுல என்ன போட்டிருக்கு, ஒம்போதாவது வளைவா? அட சாமி, எழுபது வளைவுல ஒம்போதுதான் ஆயிருக்கா.

இல்லீங்க, மயக்கமெல்லாம் இல்ல. பயமுங்க. பொய் எதுக்குச் சொல்லோணும், காலையில இருந்து ஒரு இட்லி எறங்கல. பத்து மணிக்கு மேல மலையில எம் புள்ள வண்டி ஓட்டறா. ரோட்டுல இல்ல தம்பி, பாறை மேல. ஓடையில தண்ணி வத்திக் கெடக்குதாம், ஆள் உசரத்துக்குப் பாறையாம், அதுல ஏறி எறங்கோணும். அதுக்குப் போட்டி வேற வெக்கறாங்க. வேகமாப் போறவன் ஜெயிக்கறதில்ல, உருண்டு உழுகாம, முட்டாம, நத்தையாட்டம் ஊர்ந்து ஏறறவந்தான் ஜெயிக்கறான். இதெல்லாம் ஒரு வெளையாட்டா சொல்லுங்க பாக்கலாம்?

கோகிலவாணின்னு பேரு. ஒரே புள்ள. டிப்ளமோ மெக்கானிக் படிச்சுட்டு எங்கூடவே பட்டறையில நிக்கறா. வேலையில சுத்தம், அதுல நான் கொறை சொல்ல மாட்டேன். பட்டறைக்குப் பின்னாடி ஒரு பழைய ட்ரக் நின்னுச்சுங்க. அறுபத்தெட்டு மாடல், மிலிட்டரியில ஏலம் உட்டது. போர்வெல்காரங்க அதுல பைப் சொமந்தாங்க, அப்பறம் அவங்களுக்கும் வேண்டாம்னு ஆகி நம்ம பக்கம் தள்ளிட்டாங்க. வேலிக்கருவை அது மேல ஏறி மொளச்சிருந்துச்சு. ஒரு நாள் எம் புள்ள போயி அந்த முள்ளையெல்லாம் வெட்டிட்டு, அப்பா இத நான் எடுத்துக்கறேன்னா. எடுத்துக்க கண்ணுன்னேன். பழைய இரும்புக்குப் போடுவான்னு பாத்தேன்.

ஒன்றரை வருசமுங்க! பின்னாடி பாடியக் கழட்டி வீசினா. சட்டத்த ரெண்டடி வெட்டிச் சுருக்கினா. குழாய வளைச்சு உக்கார்ற எடத்தச் சுத்திக் கூண்டு கட்டினா. இடுப்பு உசரத்துக்கு டயர் போட்டா. கியர்பாக்ஸ் ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு மாட்டினா, வண்டி மெதுவாப் போறதுக்குன்னு. ஆமைன்னு பேரு வெச்சா. நானும் பக்கத்துல நின்னு வெல்டிங் புடிச்சேன், கம்பி புடிச்சேன், ஊருல இருந்து ஆளுங்க பாக்க வர்றப்ப, எம் புள்ள செஞ்சதுன்னு மீசைய முறுக்கிக்கிட்டேன். இல்லைன்னு சொல்லல.

ஆனா கமானுக்கு வந்தா பாருங்க, அங்கதான் எனக்கும் அவளுக்கும் ஆகாமப் போச்சு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எட்டுப் பட்டை இருந்துச்சு. நாலைக் கழட்டிட்டா! நாலு! எனக்கு உசுரே போச்சு. "ஏன் அம்மணி, இருக்கற பட்டையக் கழட்டினா வண்டி எப்படி நிக்கும்?"னேன். "நிக்கறதுக்கில்லைங்கப்பா, வளையறதுக்கு. ஒரு சக்கரம் பாறை மேல ஏறறப்ப பட்டை அமுங்கோணும். அப்பத்தான் மத்த மூணும் தரையப் புடிச்சுக்கும். பட்டை கெட்டியா இருந்தா வண்டியே சாயும்"னா. சொல்லிட்டு ஒரு சக்கரத்துக்கு அடியில ஜாக்கி குடுத்து ரெண்டடி மேல தூக்கிக் காட்டினா. அந்த ஒரு சக்கரம் கூண்டுக்கிட்டப் போயிருச்சு, எதிர்ச் சக்கரம் கீழ தொங்குது, வண்டி முறுக்கிக்கிட்டு நிக்குது தம்பி. கண்ண மூடிக்கிட்டேன். அவ சிரிக்கறா. "பாருங்கப்பா, மூணு சக்கரமும் தரையிலதான் இருக்குது"ங்கறா. நான் எங்க பாத்தேன்!

இந்த டிரைவர் எதுக்கு இப்படி ஒடிக்கறான்? எத்தனாவது வளைவுங்க இது? பதினெட்டா. செரி, செரி.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பட்டை. அவகிட்டச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அவங்கம்மாவ உட்டுச் சொல்லச் சொன்னேன், அவளும் புள்ள பக்கம் சேந்துக்கிட்டா. அப்ப பெத்தவன் என்ன பண்ணுவான்? போன தடவ போட்டிக்கு மொத நாள் மத்தியானம் அவ சாப்பிடப் போனா. எனக்கு அந்த வேலைக்கு அரை மணி நேரமே எச்சு. முன்னாடி வலது பக்கம் ஒரு பட்டைய ஏத்திட்டேன். வலது பக்கந்தான், அவ உக்கார்ற பக்கம். எம் புள்ள உக்கார்ற பக்கமாச்சும் கெட்டியா இருக்கட்டும்னு. பளபளன்னு தெரியக் கூடாதுன்னு கருப்பு மை அடிச்சு, மேல கொஞ்சம் மண்ணையும் பூசிட்டேன். சாப்புட்டுட்டு வந்தவ நின்னு பாத்தா. "அப்பா, வலது பக்கம் ஒரு நூலு தூக்கி நிக்குதுங்களா?"ன்னா. "தரை மட்டமில்ல கண்ணு"ன்னேன். அவ்வளவுதான், ஒத்துக்கிட்டா. ஏன்னா எங்க பக்கத்துல நாச்சிமுத்து கண்ணுல பாத்து மட்டம்னு சொல்லிட்டா மட்டம்தான். ரசமட்டமே வேண்டாம்பாங்க.

அந்தப் போட்டி சங்ககிரிப் பக்கம் ஒரு பழைய கல்லுக்குழியில நடந்துச்சு, போன தை மாசம். பாறை ஏறறப்ப ஓட்டறவங்களுக்குச் சக்கரம் எங்க இருக்குன்னு தெரியாதுங்க. முன்னாடி பாத்தா வானந்தான் தெரியும். அதனால எதுத்தாப்பல ஒருத்தர் நின்னு கை காட்டோணும். நம்ம கிளீனர் பசங்க வரலாம் வரலாம்னு தட்டுவாங்கல்ல, அதாட்டம், ஆனா கையிலயே எல்லாம். இடது, வலது, மெதுவா, நில்லு. எங்கிட்டத்தான் மொதல்ல கேட்டா. "நீங்க நில்லுங்கப்பா, உங்க கண்ணு மாதிரி யாருக்கு வரும்"னா. எனக்குக் கண்ணு சரியில்ல அம்மணி, பொறைக்குச் சொட்டு மருந்து உடறேன்னுட்டேன். பொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நிக்கப் பயம். அப்பறம் ஜோயல்னு ஒரு பையன் நின்னான். கோத்தகிரிக்காரன், அவகூடப் படிச்சவன். நல்ல பையந்தான்.

ஏறிச்சு தம்பி. மொத பாறை, ரெண்டாவது பாறை, சனமெல்லாம் விசில் அடிக்குது. மூணாவது பாறையில வலது சக்கரத்த வெச்சா. நான் கண்ண மூடிக்கிட்டேன். நான் பாத்தா ஏதாச்சும் ஆயிரும்னு ஒரு நெனப்பு. எஞ்சின் சத்தம் மட்டும் கேக்குது. அப்பறம் சனம் எல்லாம் ஒரே குரல்ல ஐயோன்னுச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது.

கண்ணத் தொறந்தா வண்டி இடது பக்கம் உருண்டு கெடக்குது. சக்கரம் நாலும் சும்மா சுத்திக்கிட்டு இருக்குது. ஓடறேன், காலு தரையில பாவல. கூண்டுக்குள்ள தலகீழாத் தொங்கிக்கிட்டு, "அப்பா, எனக்கொண்ணும் இல்ல, ஜோயலப் பாருங்க, ஜோயலப் பாருங்க"ன்னு கத்தறா. அவளுக்குக் காறை எலும்பு முறிஞ்சிருந்துச்சு. அந்தப் பையன் இடது பக்கமா நின்னவன், எட்டிக் குதிச்சிருக்கான், இருந்தும் ஒரு காலு பாறைக்கும் டயருக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. இப்பத்தான் குச்சி இல்லாம நடக்கறானாம்.

அவந்தான் தப்பாக் கை காட்டிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னும் ஒரு அடி இடது ஒடிக்கச் சொல்லிருக்கோணும், சொல்லலைன்னு. அவனும் ஆமா, எந்தப்புதான்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அழுதான். எம் புள்ள மொதல்ல ஒத்துக்கல. இல்ல, அவன் செரியாத்தான் காட்டினான், வண்டிதான் அமுங்கல, எதனாலன்னு தெரியலன்னா. நான்தான் சொன்னேன், "வண்டியில என்ன தப்பு கண்ணு, நானே பாத்தேன்ல, அந்தப் பையன் கவனிக்கல"ன்னு. அப்பன் சொன்னா நம்புவாளே. அதுக்கப்பறம் அவங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. கட்டிக்கறதா இருந்தாங்கன்னு எங்க ஊட்டுக்காரி பொறவு சொன்னா. எனக்கு எப்படித் தெரியும்?

ஆனா ஒண்ணு பாத்துக்கங்க தம்பி. வண்டி எந்தப் பக்கம் உழுந்துச்சு? இடது பக்கம். எம் புள்ள எந்தப் பக்கம் இருந்தா? வலது பக்கம். வலது பக்கம் உழுந்திருந்தா என்னாயிருக்கும், நெனச்சுப் பாருங்க! அந்த ஒத்தப் பட்டை அந்தப் பக்கத்தத் தாங்கிப் புடிச்சதால எம் புள்ள பொழச்சா. நான் மட்டும் அன்னைக்கு அத ஏத்தலைன்னா இன்னைக்கு அவ போட்டோவுக்கு மாலை போட்டுக்கிட்டு இருப்பேன். சத்தியமாச் சொல்றேன்.

யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க யாரோ எவரோன்னு. அவ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வண்டி லாரியில பட்டறைக்கு வந்துருச்சு. வந்த ஒடனே அந்தப் பட்டையக் கழட்டி எடுத்துட்டேன். ஏன் கழட்டினீங்கன்னா? அது வந்து, சும்மாதான். அவ பாத்தா வருத்தப்படுவான்னு.

முப்பத்தி மூணா? கொஞ்சம் சீக்கிரம் போனா நல்லாருக்கும்.

தோளு கூடினதும் மறுபடி ஆரம்பிச்சுட்டா. வளைஞ்ச குழாய வெட்டி வேற போட்டா, ஒத்தைக் கையில. நான் அழுதேன் தம்பி, காலுல உழுகாத கொறையா. வேண்டாஞ் சாமி, உட்டுருன்னு. "ஒருக்கா முடிச்சுட்டு உட்டுடறேங்கப்பா. எதனால உழுந்துச்சுன்னு தெரியாம என்னால இருக்க முடியல"ங்கறா. இன்னைக்கு விடியக்காலம் லாரியில ஏத்திக்கிட்டு மேல போயிட்டா. கை காட்ட சேலத்துல இருந்து யாரோ ஒரு புதுப் பையன். நான் வரலைன்னுட்டேன், எனக்கு நெஞ்சு வலின்னேன். அவங்க போன பொறவு ஊட்டுல இருக்க முடியல. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கறேன். கடைசியில பையத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆனா எனக்கு ஒரு தெம்பு இருக்குங்க. நேத்து மத்தியானம் அவ சாப்பிடப் போனப்ப ரெண்டு பட்டை ஏத்திட்டேன். ஒரு பட்டைக்கே உசுரோட வந்தால்ல, இந்தத் தடவ ரெண்டு. அதே வலது பக்கம்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?

என்ன கேக்கறீங்க? அமுங்காத பக்கம் தூக்கிக்கிட்டு நின்னா, எதிர்ப்பக்கந்தானே உருளும்னா? அட, உங்களுக்கு என்னங்க தெரியும். நீங்க கமான் வேலை பாத்திருக்கீங்களா? எத்தன லாரிய நான் நிமுத்தி அனுப்பிருக்கேன். இருபது டன் நெல்லு ஏத்தினாலும் நிக்கும்.

ஆமா, அது பாரம் ஏத்தற வண்டி. இதுல பாரம் இல்ல. அதுவுஞ் செரிதான்.

வண்டிதான் அமுங்கலைன்னு அவளும் சொன்னா. ஆஸ்பத்திரியிலயே சொன்னா. ஒரு நூலு தூக்கி நிக்குதுன்னு மொத நாளே சொன்னா. நான்தான் தரை மட்டமில்லைன்னேன்.

வலது சக்கரம் பாறை மேல ஏறுது. பட்டை அமுங்கோணும். அமுங்கல. அப்ப வண்டி அந்தப் பக்கத்தத் தூக்கும். தூக்கினா இடது பக்கம்...

தம்பி. தம்பி, நாந்தான் உருட்டினேனா?

அந்தப் பையன் காலு. ஐயோ. எம் புள்ள. ரெண்டு போட்டிருக்கேன் தம்பி! ஒண்ணுக்கே உருண்டுச்சு, ரெண்டு போட்டிருக்கேன்! மணி என்ன? பத்தா? சிக்னல் இல்ல, பாருங்க, ஒரு கோடும் இல்ல. உங்க போனுல? உங்களுதுலயும் இல்லயா? கண்டக்டரே, கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க சாமி! வளைவுல வேகம் போகக் கூடாதுன்னு எனக்குந் தெரியும், சொல்லுங்க!

அம்பத்தி ரெண்டு. அம்பத்தி மூணு. வாயெல்லாம் ஒணந்து போச்சு. தண்ணி இருந்தா குடுங்க. அடிக்குது! அடிக்குதுங்க, ரிங் போகுது!

அம்மணி? அப்பாதான் கண்ணு. ஒண்ணுமில்ல, சும்மாதான். சத்தமா இருக்கே, எஞ்சின் ஓட்டறியா? அப்படியா. ம். சாப்பிட்டியா சாமி? செரி. செரி கண்ணு. வெச்சரட்டுமா.

வெச்சுட்டா. அடுத்தது அவளுதாம், வரிசையில நிக்கறாளாம்.

திட்டுங்க தம்பி. வாயில வரல. வாயத் தொறந்தா சாப்பிட்டியான்னுதான் வருது. அப்பான்னு அத்தன ஆசையாக் கூப்பிட்டா, எப்படிச் சொல்லுவேன்? போனக் குடுங்க. இல்ல, நீங்க பேச வேண்டாம். நானே பேசறேன். எங் கையப் புடிச்சுக்கங்க, அது போதும்.

அம்மணி, வெச்சராத. வண்டிய நிறுத்து. எஞ்சின ஆப் பண்ணு. நான் சொல்றதக் கேளு. முன்னாடி வலது பக்கம் ரெண்டு பட்டை எச்சா இருக்குது. நாந்தான் போட்டேன். நேத்து, நீ சாப்பிடப் போனப்ப. ஆமா சாமி. ஆமா. போன தடவையும் நாந்தான். ஒண்ணு. ஜோயல் செரியாத்தான் காட்டினான். அவன் மேல தப்பில்ல. அப்பனுக்குப் பயம் கண்ணு, வேற ஒண்ணும் இல்ல, பயந்தான்...

கேக்குதா கண்ணு? இருக்கியா?

ம். ம். செரிங்க. வந்துக்கிட்டிருக்கேன், மலையிலதான் இருக்கேன், இன்னும் பத்துப் பதினஞ்சு வளைவு. இருக்குது, பை கையிலதான் இருக்குது. என்னது? நானா? வேண்டாங் கண்ணு, எனக்குக் கண்ணு... ம். செரி. செரி சாமி.

வெச்சுட்டா.

அழுவான்னு நெனச்சேன், அழல. திட்டவும் இல்ல. எஞ்சின ஆப் பண்ணிட்டா. அப்பறம், என் நம்பரக் கடைசியில போடச் சொல்றேங்கறா. நீங்க போட்டத நீங்களே வந்து கழட்டுங்கப்பாங்கறா. கழட்டிட்டு ஜோயலுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கங்கறா. அதெல்லாம் செய்வேன் தம்பி, எப்படியாச்சும் செய்வேன். ஆனா அதுக்கப்பறம் ஒண்ணு சொன்னா பாருங்க. சேலத்துப் பையன் வேண்டாமாம். பாறைக்கு எதுத்தாப்பல நாந்தான் நிக்கோணுமாம். நாந்தான் கை காட்டோணுமாம். எனக்குக் கண்ணு சரியில்லையேன்னேன். "தொறந்து வெச்சுக்கங்கப்பா, போதும்"னா.

அறுபத்தி ஒண்ணு. இன்னும் ஒம்போதுதான்.

அந்தப் பையக் கொஞ்சம் மேல எடுத்துக் குடுங்க. கனமா இருக்கும், பாத்து. இல்ல, இருங்க, மொதல்ல இதப் பாருங்க. இடதுன்னா இப்படி. வலதுன்னா இப்படி. நில்லுன்னா ரெண்டு கையும் மேல. தம்பி, நீங்க எந்திரிச்சு அக்கட்டால கண்டக்டர் சீட்டுக்கிட்டப் போயி நின்னு, அங்க இருந்து பாத்துச் சொல்லுங்க. எங் கை எந்தப் பக்கம் காட்டுதுன்னு அவ்வளவு தூரத்துல இருந்து தெரியுதா?